கழற்றிய பிரேக் பேட் சொல்லும் சேதி: வீட்டிலேயே பிரேக் மாற்றுவோர் அறிய வேண்டியவை

ஹைதராபாத்: இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கப்படும் புதிய காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தக் காலம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கச் செல்லும்போதுதான் வாகனத்தின் தகுதியைப் போக்குவரத்துத் துறை அதிகாரிகள் ஆய்வு செய்கின்றனர். இடைப்பட்ட ஆண்டுகளில் புகைப் பரிசோதனை கட்டாயம். பிரேக் பரிசோதனை கட்டாயமில்லை. வாடகை கார்களுக்கும் லாரிகளுக்கும் உள்ள குறித்த காலத் தகுதிச் சான்று முறை, வீட்டு வாசலில் நிற்கும் காருக்குக் கிடையாது. ஆகவே அந்தக் காரின் பிரேக்கை 15 ஆண்டுகளுக்கு உரிமையாளரும் அவர் நம்பும் மெக்கானிக்கும் மட்டுமே பார்க்கின்றனர்.

பொறுப்பையும் சட்டம் அவர்கள் மீதே வைத்துள்ளது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 190-ஆவது பிரிவு, பிறருக்கு ஆபத்து விளைவிக்கும் குறைபாடுள்ள வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஓட்டியவருக்குத் தெரிந்த குறைபாடு மட்டுமன்றி, சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைபாடும் இதில் அடங்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இதற்கான அபராதம் ரூ.1,500. அக்குறைபாட்டால் விபத்து நேர்ந்து உடற்காயமோ பொருட்சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். "பிரேக் தேய்ந்தது எனக்குத் தெரியாது" என்ற பதில் எப்போதும் போதுமானதாக இராது என்பதே இதன் பொருள்.

சட்டத்தின் 'சாதாரணக் கவனம்' என்ற சொற்கள் நடைமுறையில் எதைக் குறிக்கும் என்பதற்கு ஹைதராபாத்தின் பேகம்பேட் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. பஞ்சாகுட்டாவிலிருந்து கிரீன்லேண்ட்ஸ், பிரகாஷ் நகர், ரசூல்புரா வழியாகப் பாரடைஸ் சந்திப்பு வரை செல்லும் சாலையில், 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் வாகன நெரிசல் தீரவில்லை. சில அடி நகர்ந்து நிற்பதும், மீண்டும் நகர்ந்து நிற்பதுமாகக் கார்கள் ஊர்கின்றன. மழைக்காலம் வந்தால் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது. ஹுசைன் சாகர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் நாலாக்கள் நிரம்பும்போது பேகம்பேட்டின் தாழ்வான தெருக்களில் தண்ணீர் தேங்குகிறது. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் இங்குள்ள வானிலை ஆய்வு நிலையத்தில் ஒரே நாளில் சுமார் 240 மி.மீ. மழை பதிவானது. அத்தகைய பெருமழை அரிது. ஆனால் சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீரில் கார் ஓட்டிச் செல்வது அரிதன்று.

நெரிசலும் தேங்கிய நீரும் பிரேக்கை இருவேறு வழிகளில் கெடுக்கின்றன. முன்னது தேய்க்கிறது, பின்னது துருப்பிடிக்கச் செய்து, அசைய வேண்டிய பாகங்களை இறுகச் செய்கிறது. தேய்மானத்துக்குப் புதிய பேட் தீர்வாகும். இறுகலுக்கு ஆகாது. வீட்டிலேயே பிரேக் மாற்றுவோரில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பேடை மட்டும் மாற்றிவிட்டு, அது ஏன் அப்படித் தேய்ந்தது என்று பாராமல் விட்டுவிடுகின்றனர். சில மாதங்களில் அதே பக்கம், அதே விதமாக மீண்டும் தேய்ந்து நிற்கிறது.

காலிலிருந்து சக்கரம் வரை

பெடலை மிதிக்கும்போது அந்த விசையை எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் பெருக்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் அதனைத் திரவ அழுத்தமாக மாற்றிக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அனுப்புகிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ளன. நிறுத்தும்போது காரின் எடை முன்னோக்கிச் சாய்வதால் வேலையின் பெரும்பங்கு முன் பிரேக்குகளைச் சேர்கிறது. அவையே முதலில் தேய்கின்றன.

பிரேக் உண்மையில் செய்வது வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான். 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் உண்டாகும் வெப்பம், சாதாரண வெப்பநிலையில் உள்ள சுமார் 400 மி.லி. தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மலைப்பாதையில் இறங்குவோர் கீழ் கியரில் இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

முதலில் நோய், பிறகு ஸ்பேனர்

ஜாக்கியை எடுப்பதற்கு முன் காரை ஓட்டிப் பார்ப்பது அவசியம். மிதிக்கும்போது கேட்கும் மெல்லிய கீச்சொலி, பல பேடுகளில் பொருத்தப்பட்டுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசுவதால் எழலாம். பேட் தீரப்போகிறது என்பதன் அறிவிப்பு அது. கரகரவென்று இரும்பு அரைபடும் ஒலி கேட்டால் அறிவிப்புக் காலம் முடிந்துவிட்டது. உராய்வுப் பொருள் தீர்ந்து அடித்தகடே டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருக்கக்கூடும். இரவு முழுதும் மழையில் நின்ற கார் காலையில் முதல் சில மிதிகளுக்குக் கரகரப்பது மட்டும் இதில் சேராது. டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது, தானே போய்விடும்.

மிதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்த பின் உறுதியானால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது பின்புற டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்திருக்கலாம். ஒரே அழுத்தமாக மிதித்து வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குமானால் எங்கோ திரவம் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது. இந்த அறிகுறி உள்ள காரைப் பட்டறை வரையிலும் ஓட்டிச் செல்லக் கூடாது. இழுவை வண்டியை அழைப்பதே சரி.

பெடல் கல்போல் இறுகி நின்றால் பூஸ்டரைச் சோதிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை நான்கைந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் எஞ்சினை இயக்கினால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதற்குச் செல்லும் வெற்றிடக் குழாயிலோ கோளாறு உள்ளது. பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டிச் செல்பவர்கள், இதே கோளாறைத் தாங்களே வரவழைத்துக்கொள்கின்றனர்.

மிதிக்கும்போது கார் இடப்பக்கம் இழுத்தால் பலரும் இடச்சக்கரத்தைச் சந்தேகிக்கின்றனர். உண்மையில் இடப்பக்கம் சரியாகப் பிடித்து, வலப்பக்கம் பிடிக்காமல் இருப்பதும் அதே விளைவைத் தரும். சிறிது தூரம் ஓட்டியபின் முன்சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கையைக் கொண்டுசென்று, தொடாமல், வெப்பத்தை ஒப்பிட்டால் விவரம் புரியும். மிதிக்காதபோதும் இழுத்து, ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அந்தப் பக்கக் காலிப்பர் விடுபடவில்லை. பழைய கார்களில் ரப்பர் ஹோஸ் உட்புறமாகச் சிதைந்து, திரவத்தைப் போக விட்டு, திரும்பி வர விடாமல் தடுப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அந்த ஹோஸ் நன்றாகவே இருக்கும்.

வேகத்தில் மிதிக்கும்போது பெடலிலும் ஸ்டீயரிங்கிலும் அதிர்வு தெரிவது டிஸ்க்கின் தடிமன் சீராக இல்லாததைக் காட்டும். ஆனால் அவசர மிதியின்போது மட்டும் பெடல் படபடவென்று காலை உதைப்பது கோளாறன்று. அது ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம். இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே தயாரிப்பில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. அந்த உதைப்பைக் கண்டு அஞ்சிக் காலை எடுத்துவிடுவதுதான் ஆபத்து.

சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், ஹேண்ட் பிரேக் விடுபட்டுள்ளதா என்று பார்த்தபின் பிரேக் ஆயில் தொட்டியைத் திறக்காமலேயே அளவைப் பார்க்கலாம். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் சிறிது இறங்குவது இயல்பு. எனவே மட்டம் குறைந்ததும் ஊற்றி நிரப்பிவிடுவது, தேய்மானத்தின் இலவச அறிவிப்பை அழித்துவிடுவதற்குச் சமம். பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் கசிவைத் தேட வேண்டும்.

தூக்குவதற்கு முன்

ஹைதராபாத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார்கள் பெரும்பாலும் 'செல்லார்' எனப்படும் கீழ்த்தளத்தில் நிற்கின்றன. அங்கே தரை சமமாக உள்ள இடமே வேலைக்கு ஏற்றது. இறங்கும் சரிவுப் பாதையில் ஒருபோதும் காரைத் தூக்கக் கூடாது. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

காருடன் தரப்படும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கானது. அதன் மீது மட்டும் காரை நிறுத்திவிட்டு வேலை செய்வது இத்துறையில் நடக்கும் மிக மோசமான சிக்கனம். கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி ஸ்டாண்டு வைத்து, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே கையை உள்ளே நீட்ட வேண்டும். செங்கல் அடுக்கு ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. பாரம் ஏறியதும் அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. இந்தியாவில் கல்நார் பயன்பாடு முழுமையாகத் தடை செய்யப்படவில்லை என்பதால், பழைய பேடிலும் ஷூவிலும் என்ன கலந்துள்ளது என்பதைப் பார்வையால் சொல்ல இயலாது. முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியாலோ பிரேக் கிளீனராலோ துடைப்பதே முறை.

பேடைப் படிப்பது

முன்சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பர் தெரியும். பெரும்பாலான சிறிய கார்களில் அது இரண்டு வழிகாட்டி ஊசிகளின் மேல் சறுக்கும் வகையைச் சேர்ந்தது. உட்புறப் பேடை பிஸ்டன் நேராகத் தள்ளுகிறது. அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் சறுக்கி வந்து வெளிப்புறப் பேடை இழுத்து அழுத்துகிறது. இந்தச் சறுக்கல் தடைபடாமல் நடக்கும் வரையில் இரு பேடுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் தேயும். கீழ் போல்ட்டைக் கழற்றிக் காலிப்பரை மேலே திருப்பினால் பல கார்களில் பேடுகளை எடுத்துவிடலாம். முழுமையாகக் கழற்ற நேர்ந்தால் காலிப்பரைக் கம்பியால் கட்டித் தாங்க வைக்க வேண்டும். ஹோஸில் தொங்க விடக் கூடாது.

எடுத்த பேடுகளைக் குப்பையில் போடாமல், எந்தச் சக்கரம், உட்புறமா வெளிப்புறமா என்று குறித்து வரிசையாக வைப்பது நல்ல வழக்கம். நான்கும் ஒத்த தடிமனில் இருந்தால் அந்த பிரேக் நலமாக உள்ளது. பேடை மாற்றினால் போதும். உராய்வுப் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் மாற்றுவது பாதுகாப்பானது. உட்புறப் பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் ஊசிகள் இறுகி வெளிப்பேடுக்கு வேலையே போகவில்லை, அல்லது பிஸ்டன் சரியாகப் பின்வாங்கவில்லை. வெளிப்புறப் பேட் அதிகம் தேய்ந்திருந்தால், மிதிப்பு விட்ட பிறகும் காலிப்பர் சறுக்கித் திரும்பாமல் உரசியபடி நின்றிருக்கிறது. ஒரே பேட் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் ஆப்புபோல் இருந்தால் ஊசிகளில் ஒன்று மட்டும் சிக்கியிருக்கக்கூடும். மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னினால் பேட் அதிக வெப்பம் கண்டுள்ளது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு.

தேங்கிய நீரில் ஓடிய கார்களில் பெரும்பாலும் ஊசிகளே முதலில் சிக்கும். அவற்றை மூடியுள்ள சிறு ரப்பர் உறை கிழிந்தால் சேறும் நீரும் உள்ளே புகுந்து துரு கட்டுகிறது. ஊசியை வெளியே இழுத்து, துருவைச் சுத்தம் செய்து, உறையை மாற்றி, பிரேக்குக்கு உரிய சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும். பட்டறையில் கைக்குக் கிடைக்கும் சாதாரண பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பி, சில மாதங்களில் ஊசி முன்னைவிட மோசமாக இறுகும். விரலால் தள்ளினால் ஊசி வழுக்கிச் செல்ல வேண்டும், அதுவே தேர்வு. ஊசியிலேயே குழி விழுந்திருந்தால் அதையும் மாற்றிவிடுவது நல்லது, விலை பெரிதன்று.

டிஸ்க்கையும் பார்த்தாக வேண்டும். பயன்படுத்தத்தக்க குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான வரிகள், விரிசல், விளிம்பில் தடித்த வரப்பு ஆகியவை இருந்தால் அளந்து பார்க்காமல் புதிய பேடைப் பொருத்துவதில் பயனில்லை.

பொருத்துவது

பேடுகளை ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் நிறுத்தும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். பேகம்பேட்டுக்கு அருகிலுள்ள ராணிகஞ்ச் போன்ற சந்தைகளில் ஒரே காருக்குப் பல விலைகளில் பேட் கிடைக்கிறது. இந்தியாவில் பிரேக் உற்பத்தித் தொழில் வேரூன்றிய நகரங்களுள் சென்னை முதன்மையானது. பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அறியப்பட்ட தயாரிப்பாளரின் பேடுக்கும் பெயரற்ற பெட்டியில் வரும் பேடுக்கும் உள்ள விலை வேறுபாடு ஒருமுறை பெட்ரோல் போடும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. போலிப் பொருள்களும் உலவுவதால் பில் இல்லாமல் வாங்காதிருப்பது நலம்.

புதிய பேட் தடிமனானது என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது ஆயில் மேலேறித் தொட்டி வழியக்கூடும். முன்னதாகச் சிறிது உறிஞ்சி எடுத்துவிடலாம். பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். ஜி-கிளாம்ப் கொண்டு பிஸ்டனை மெதுவாக, நேராகத் தள்ள வேண்டும். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்கள் சிலவற்றில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள கார்களைப் பராமரிப்பு நிலைக்கு மாற்றாமல் தொடவே கூடாது.

சக்கர நட்டுகளை நட்சத்திர வடிவில், ஒன்று விட்டு ஒன்றாக இறுக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றில் இதன் அளவு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் அமைகிறது. சரியான எண்ணைக் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்குவதே முறை. காலிப்பர் போல்ட்டுகளின் அளவு இதைவிட மிகக் குறைவு. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்கும் வழக்கம் போல்ட்டின் மரையை அழிக்கும்.

இதற்குப் பின் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் மறந்து செல்லார் சுவரில் மோதுகின்றனர். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை செல்லும், பிரேக் பிடிக்காது. காரை நகர்த்துவதற்கு முன், பெடல் உறுதியாகும் வரை பலமுறை மிதித்து, ஆயில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும்.

டிரம்மும் ஆயிலும்

பின்புற டிரம் வேலை வேறு தன்மையது. ஷூ, ஸ்பிரிங், தானியங்கிச் சரிசெய்கருவி, ஹேண்ட் பிரேக் கேபிள் என்று சிறு பாகங்கள் பல. ஒரே நேரத்தில் இரு பக்கமும் கழற்றாமல், ஒரு பக்கத்தை முடித்த பின் மறுபக்கம் செல்வது நல்லது. ஐயம் எழுந்தால் கழற்றாத பக்கம் பார்த்துச் செய்ய உதவும். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்றே நீக்கி, உள்ளே ஈரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் கசிவு தொடங்கிவிட்டது. வெள்ள நீரில் ஓடிய காரை ஹேண்ட் பிரேக் இழுத்து நாள்கணக்கில் நிறுத்தினால் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது அத்தகைய நாள்களுக்கு ஏற்றது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-3 வகையின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ். குறிப்பிட்ட அளவு ஈரம் கலந்தபின் 140 டிகிரி. டாட்-4 வகைக்கு இவை முறையே 230, 155. கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. சமதள நகரில் இதனை உணராதவர் ஸ்ரீசைலம் மலைப்பாதையில் உணரக்கூடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான நடைமுறை. திறந்து வைத்த பழைய பாட்டிலைப் பயன்படுத்தக் கூடாது.

காற்று நீக்கும் வேலைக்கு இருவர் தேவை: ஒருவர் பெடலில், ஒருவர் நிப்பிளில். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். நம் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களில் அது பின்புற இடச்சக்கரம். எனினும் சில மாடல்களில் வரிசை மாறும், ஏபிஎஸ் உள்ள சிலவற்றுக்குக் கணினிக் கருவியும் வேண்டும். பேட் மாற்றுவதை ஒருவர் கையேட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். குழாய், மாஸ்டர் சிலிண்டர், ஏபிஎஸ் ஆகியவற்றில் முதல் முறையாகக் கை வைப்பவர் அனுபவமுள்ள மெக்கானிக்கின் அருகில் நின்றே செய்ய வேண்டும். அங்கே தவறு நேர்ந்தால் ஒரு சக்கரத்தோடு நிற்காது.

முதல் ஓட்டம்

புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி அமையச் சற்று அவகாசம் தேவை. போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில், மணிக்கு 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைத்து, இடையே ஆற விட்டு, எட்டு முதல் பத்து முறை செய்வது போதும். பேகம்பேட் மேம்பாலம் பகலில் இதற்கு உரிய இடமன்று. முதல் சில நூறு கிலோமீட்டருக்குக் கடும் மிதிகளைத் தவிர்ப்பது நல்லது. தேங்கிய நீரைக் கடந்து வந்ததும், பின்னால் வாகனம் இல்லாதபோது பெடலை மெல்ல அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டினால் பேடில் படிந்த நீர் உலர்ந்து பிடிப்பு திரும்பும்.

50 முதல் 100 கி.மீ. ஓடியபின் சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் ஆயில் மட்டத்தையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். மாற்றிய தேதி, ஓடோமீட்டர் எண், கழற்றிய நான்கு பேடுகளின் தடிமன் ஆகியவற்றைக் கையேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால் அடுத்த முறை ஒப்பிட உதவும்.